மாஸ்டரின் பலகையும் என்னுடைய வெள்ளிக்கிழமையும்

தமிழ்ச் சங்க மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். "வந்த காலத்தில நீங்கள் பட்ட கஷ்டத்தை எழுதுங்கோ, அங்கிள்" என்றார் கேட்ட தம்பி. கஷ்டம் என்று எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. வேலை செய்தேன். அதை எழுதலாம். பள்ளிக்கூடம் எனக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. எழுத்துப் பிழை இருந்தால் திருத்துங்கள். சொல்கிற விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

கேட்ட தம்பி இங்கே சிட்னியில், பிளாக்டவுனில் சூஷிக் கடை வைத்திருக்கிறார். போன மாதம் டூங்கபியில் ஒரு பிறந்தநாள் வீட்டில் பக்கத்துக் கதிரையில் இருந்தார். அவருடைய கடையில் சோற்றை இயந்திரம் உருட்டுகிறது. வேலை செய்கிற பிள்ளைகள் கையுறை போட்டுக்கொண்டு கோழியும் பட்டர்புரூட்டும் வைத்துச் சுருட்டுகிறார்கள். நல்ல வியாபாரம். குறை சொல்லவில்லை. நான் எழுபதுகளில் இதே சிட்னியில் சூஷி வெட்டினவன் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர் நம்பவில்லை.

"அந்தக் காலத்தில எங்கட ஆள் ஒருத்தரைச் சூஷிப் பலகையில நிக்க விட்டவங்களோ, அங்கிள்?"

"விட்டவங்கள்."

"வெள்ளிக்கிழமையிலயுமோ? நீங்கள் வெள்ளிக்கிழமை மச்சமாமிசம் தொட மாட்டியள் எண்டு அன்ரி சொன்னவா."

"வெள்ளிக்கிழமையிலயும்."

"அதெப்பிடி?"

அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

நான் கப்பல் குசினியில் சட்டி கழுவி வந்தவன். சரக்குக் கப்பல். சிட்னியில் இறங்கினேன், திரும்பி ஏறவில்லை. கடதாசியெல்லாம் பின்னாளில் சரியாகியது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை.

முதலில் மீன் சந்தையில் ஐஸ் அள்ளினேன். அங்கே விடியப்புறம் ஒரு யப்பான்காரர் வருவார். மற்றவர்கள் தூண்டிலில் குத்துவதற்கு வாங்குகிற முரல் மீனை அவர் தின்ன வாங்குவார். ஒவ்வொன்றாகத் தூக்கிக் கண்ணைப் பார்ப்பார், செவுளைத் திறந்து பார்ப்பார். மீன்காரர்கள் அவருக்குப் பின்னால் நின்று பகிடி பண்ணுவார்கள். நான் முரல் தின்கிற ஊரில் பிறந்தவன். ஒருநாள் அவருக்கு நல்ல மீன்களாகப் பார்த்துத் தனியே எடுத்து வைத்தேன். அவர் மீனைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"பீங்கான் கழுவுவியோ?" என்று கேட்டார்.

"கழுவுவன்" என்றேன். அவ்வளவுதான் நேர்முகப் பரீட்சை.

கடை சிட்னியின் குரோஸ் நெஸ்ட் பகுதியில். பெரிய தெருவை விட்டு உள்ளே, உடுப்பு வெளுக்கிற கடைக்கும் சப்பாத்துத் தைக்கிற கடைக்கும் நடுவில். உள்ளே நீளமாக ஒரு தடித்த மரப்பலகை. அதற்கு முன்னால் கொஞ்சக் கதிரைகள். சுவரோரம் இரண்டு சின்ன மேசை. பலகைக்குப் பின்னால் நிற்கிறவன் பச்சை மீனை வெட்டிச் சோற்றில் வைத்துக் கொடுப்பான், அதுதான் சூஷி. முன்னால் இருக்கிறவர் அதை அந்த இடத்திலேயே சாப்பிடுவார். இடையில் பரிமாற ஒருவரும் இல்லை. அவன் கை, இவர் வாய்.

கடைக்காரரை எல்லாரும் மாஸ்டர் என்றார்கள். நானும் அப்படியே சொன்னேன். குள்ளமான மனிசன். தலைமயிரை ஒட்ட வெட்டியிருப்பார். வெள்ளைச் சேட், வெள்ளை றப்பர் சப்பாத்து. நாங்கள் பேசிய இங்கிலீசு எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் விளங்கிய இங்கிலீசு. அதை இங்கே என்னுடைய தமிழில் எழுதுகிறேன். என் பெயர் சிவக்கொழுந்து. சந்தையில் அது வாயில் வரவில்லை என்று சாம் என்றார்கள். மாஸ்டர் மட்டும் முழுப்பெயரைக் கேட்டார். அவர் வாயில் "கொருந்து-சான்" என்று வந்தது. சான் என்பது அவர்களுடைய மரியாதைச் சொல். சாம் என்பதை விட நல்லது.

முதலில் பீங்கான். பிறகு அரிசி கழுவுதல். பிறகு செதில் எடுத்தல். பிறகு சோறு. பிறகு கத்தி. எத்தனை வருடம் என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சொல்லவில்லை.

மாஸ்டரிடம் அதிகம் இருந்த சொல் "திரும்ப". சோறு பிழைத்தால் திரும்ப. கத்தி சாய்ந்தால் திரும்ப. ஏன் என்று சொல்ல மாட்டார். விரல் முட்டியால் பலகையில் ஒரு தட்டு. நான் செய்ததை எடுத்து வாயில் போட்டு, மென்று, விழுங்கிவிட்டுத்தான் "திரும்ப" என்பார். கத்த மாட்டார். நல்லது என்றும் சொல்ல மாட்டார். காலையில் மீன் வெட்டும்போது றேடியோவில் குதிரைப் பந்தயம் போட்டுவிடுவார். பந்தயம் கட்டுகிறவர் இல்லை.

"விளங்குதோ, மாஸ்டர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லை. எல்லாரும் அவசரப்படுறாங்கள். கேக்க நல்லாயிருக்கு" என்றார்.

சோறு வெந்ததும் மரத் தொட்டியில் கொட்டுவோம். வினாகிரி, சீனி, உப்புக் கலந்து வைத்த தண்ணியை அகப்பையின் முதுகில் ஊற்ற வேண்டும். நேரே சோற்றில் ஊற்றக் கூடாது. அகப்பையைக் கத்தி மாதிரிப் பிடித்துச் சோற்றை வெட்டி வெட்டிப் பிரிக்க வேண்டும். கிண்டினால் களியாகிவிடும். மற்றக் கையில் விசிறி. சோறு எங்கள் உடம்புச் சூட்டுக்கு வந்ததும் ஈரத் துணியால் மூட வேண்டும். ஆறிப்போன சோற்றில் மாஸ்டர் மீன் வைக்க மாட்டார்.

பலகையில் நிற்கிறவன் கையை வினாகிரித் தண்ணியில் நனைத்துக்கொள்வான். இடக்கையில் மீன் துண்டு. அதில் விரல் நுனியளவு வசாபி. அது பச்சை நிறத்தில் ஒரு உறைப்பு, மூக்கில் அடிக்கும். அந்தக் காலத்தில் தகரத்தில் மாவாக வரும், தண்ணியில் குழைப்போம். வலக்கையால் சோற்றை எடுத்து மீன் மேல் வைத்துப் பெருவிரலால் நடுவில் ஒரு குழி. திருப்பி இரண்டு விரலால் ஒரு அமத்து. அந்த அமத்துத்தான் முழு வேலையும். வெளியே உருவம் நிற்க வேண்டும். வாயில் வைத்ததும் சோறு உதிர வேண்டும். கூட அமத்தினால் கல். குறைய அமத்தினால் சாப்பிடுகிறவரின் மடியில் விழும்.

யப்பான்காரர் பலர் அதைக் கையால் எடுத்துத்தான் சாப்பிட்டார்கள். எனக்கு அது புதினமாக இருக்கவில்லை. வெள்ளைக்காரர் முள்ளுக்கரண்டி கேட்டார்கள். ஒருவர் தக்காளி சோஸ் கேட்டார். மாஸ்டர் போத்தலை எடுத்து முன்னால் வைத்தார். அவர் போன பிறகு நான் மாஸ்டரைப் பார்த்தேன்.

"வாய் அவருடையது" என்றார் மாஸ்டர்.

யப்பானோடு சண்டைக்குப் போய் வந்த கிழவர் ஒருவர் அந்தத் தெருவில் இருந்தார். காலையில் போகும்போது எங்கள் கண்ணாடியில் துப்பிவிட்டுப் போவார். மாஸ்டர் ஒரு துணியோடு போய்த் துடைப்பார். அவரைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. அந்தத் துணியைப் பிறகு நான் வாங்கிக்கொண்டேன்.

கடையில் ஒரு சட்டம் இருந்தது. சந்தையிலிருந்து வந்த மீனைத் துப்புரவாக்கியதும் மாஸ்டர் ஒவ்வொரு மீனிலும் இரண்டு துண்டு வெட்டுவார். ஒன்று அவருக்கு. மற்றது அவரோடு பலகையில் நிற்கப் போகிறவனுக்கு. சோறு இல்லை, சோயா இல்லை, வெறும் மீன். நின்றபடி சாப்பிட வேண்டும். சாப்பிட்டுவிட்டுச் சொல்ல வேண்டும். இது இண்டைக்கு. இது நாளைக்கு. இது பொரிக்க. அப்படிச் சாப்பிடாதவன் பலகையில் நிற்கக் கூடாது. வருகிறவர்களுக்கும் அதைச் சொல்வார். "இந்தப் பலகையில நிக்கிறவன் உங்களுக்கு முதல் சாப்பிட்டவன்." அந்த மனிசன் பெருமையாகச் சொன்னது அது ஒன்றைத்தான்.

என்னை முதலில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் முன்னுக்கு விட்டார். கூட்டம் இல்லாத நேரம். பக்கத்தில் உடுப்பு வெளுக்கிற கடைக்காரி வந்து இருந்தா. கிரேக்கத்து மனிசி, பெரிய குரல். நான் வைத்த கணவாய்த் துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டா.

"நீ யப்பான்காரனோ?"

"இல்லை."

"நானும் அவுஸ்திரேலியாக்காரி இல்லை. இன்னொண்டு தா."

மாஸ்டர் பலகையில் தட்டவில்லை. அப்படி நான் பலகைக்கு வந்தேன். செவ்வாய், புதன், வியாழன், பிறகு சனியும். வெள்ளிக்கிழமை மட்டும் பின்னுக்கு, பீங்கான் தொட்டியில். வெள்ளிக்கிழமை நான் மச்சம் சாப்பிடுவதில்லை.

நான் பெரிய பக்திமான் இல்லை. அப்போது போவதற்குப் பக்கத்தில் ஒரு கோயிலும் இல்லை. கப்பலில் மீசையை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். பெயரைச் சுருக்கினார்கள், விட்டேன். மாட்டிறைச்சிச் சட்டி கழுவு என்றார்கள், கழுவினேன். வெள்ளிக்கிழமையை யாரும் கேட்கவில்லை. அதனால் அது மிஞ்சியிருந்தது. கேட்டபோது கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இதற்கு மேல் விளக்கம் கேட்டால் என்னிடம் இல்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் கடைக்கு உழைப்பு. யப்பான் கம்பனிக்காரர்கள் அன்றைக்குத்தான் வருவார்கள். மாஸ்டர் தனியாக நின்று முறிவார். நான் திரைக்குப் பின்னால் பீங்கானைக் கழுவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு குளிர்காலத் தொடக்கத்தில் அவர் என்னை நிறுத்திச் சொன்னார்.

"கொருந்து-சான், எனக்கு வயசு போகுது. வெள்ளிக்கிழமைக்கு ஒரு ஆள் வேணும்."

"நான் நிக்கிறன்."

"சாப்பிடுவியோ?"

"இல்லை."

"ஒசாக்காவில ஒரு பெடியன் இருக்கிறான். கூப்பிட்டால் வருவான். குளிர் முடியிறதுக்குள்ள யோசிச்சுச் சொல்லு."

பலகைக்குப் பின்னால் இரண்டு பேர் நிற்கத்தான் இடம். அந்தப் பெடியன் வந்தால் எனக்குச் செவ்வாயும் இல்லை, சனியும் இல்லை. திரும்பவும் தொட்டிக்கு. மாஸ்டர் மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னார். எனக்கும் விளங்கியது.

அப்போது நானும் தருமு அண்ணையும் ரெட்ஃபெர்னில் ஒரு வீட்டில் அறை எடுத்து இருந்தோம். அவருக்கு ரயில்வே பட்டறையில் வேலை. என்னை விட மூத்தவர். விஷயத்தைச் சொன்னேன்.

"டேய் கொழுந்து, கிழமை முழுக்க மீனுக்குள்ள கையை விட்டு அலசிறாய். வெள்ளிக்கிழமையும் அதைத்தான் தொடுறாய். தின்னத்தான் விரதமோ?"

"தொடுறது வேலை, அண்ணை. தின்னுறது நான்."

"ஒரு துண்டு. சுண்டு விரலளவு. முருகன் என்ன, குரோஸ் நெஸ்ட்டுக்கு பஸ் பிடிச்சு வந்து பாக்கப் போறாரே?"

"அவர் பாக்க வேண்டாம். எனக்குத் தெரியும்தானே."

"உனக்குத் தெரிஞ்சு? ஒசாக்காக்காரன் வந்து நிண்டால் நீ சாகும் வரைக்கும் கோப்பை கழுவ வேண்டியதுதான்."

"கழுவிறன்."

"விசரன்" என்றார். பிறகு சோற்றைப் போட்டுத் தந்தார். வெள்ளிக்கிழமைகளில் அவர்தான் பருப்பு வைப்பார். அன்றைக்குத் தானும் மச்சம் தொட மாட்டார். கேட்டால், "உனக்கெண்டு தனியச் சமைக்க ஏலாது, அதுதான்" என்பார்.

குளிர் முடிகிற நேரம் மாஸ்டரின் வலது உள்ளங்கையில் ஸ்னாப்பர் மீனின் முதுகு முள் ஏறியது. சின்ன விஷயம் என்று விட்டுவிட்டார். வியாழக்கிழமை கை பனங்காய் மாதிரி வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கீறிக் கட்டுப் போட்டு, கையைக் கழுத்தில் தொங்கவிட்டு அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மீனெல்லாம் நான்தான் வெட்டினேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு வெட்டிப் பலகையில் வைத்தேன். அது பழக்கம். அவர் இடக்கையால் ஒரு துண்டை என் பக்கம் தள்ளினார்.

"இண்டைக்குமோ?"

"இண்டைக்கும் வெள்ளிக்கிழமைதான், மாஸ்டர்."

அவர் தன்னுடையதைச் சாப்பிட்டார். இது இண்டைக்கு, இது நாளைக்கு என்றார். என்னுடைய துண்டுகள் கிடந்தபடியே ஓரம் காய்ந்தன. றேடியோவில் குதிரைகள் ஓடின. அன்றைக்குப் பலகை முழுவதையும் ஒரு யப்பான் கம்பனியின் மனேஜர் தன் விருந்தாளிகளுக்காகச் சொல்லி வைத்திருந்தார். அவர் கிழமை தவறாமல் வருகிறவர். அவரால்தான் மற்றக் கம்பனிக்காரரும் வந்தார்கள்.

"மூடுவமோ?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை நான் மூடினதில்லை."

"நான் சாப்பிட்டதில்லை."

என்னைப் பார்த்தார். கோபமா என்று தெரியவில்லை. அவர் முகத்தில் எதுவும் தெரியாது.

"சோறு போடு" என்றார்.

பின்னேரம் அவர்கள் வந்தார்கள். மனேஜரும் அவருடைய ஆட்களும். நடுவில் ஒரு பெரிய உடம்புக்கார வெள்ளைக்காரர். நாட்டுப்புறத்தில் கம்பளி விற்கிறவர். கழுத்தெல்லாம் சிவப்பு. அவருக்கு அசல் யப்பான் சாப்பாட்டைக் காட்டவென்று மனேஜர் கூட்டி வந்திருந்தார். வந்து இருந்தால் பலகைக்குப் பின்னால் நான். மாஸ்டர் கையைத் தொங்கவிட்டபடி திரையோரம் நின்றார்.

மனேஜர் கெட்ட மனிசன் இல்லை. மரியாதைக்காரர். என்னைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார், சிரித்தார். விருந்தாளிக்கும் விளங்கட்டும் என்று இங்கிலீசில் கேட்டார்.

"இந்தப் பலகையில நிக்கிறவர் எங்களுக்கு முதல் சாப்பிட்டவர் எண்டு நீங்கள் எப்பவும் சொல்லுவீங்கள், மாஸ்டர். இவர் இண்டைக்குச் சாப்பிட்டவரோ?"

ஓம், சாப்பிட்டவன் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மாஸ்டர் பொய் சொல்லத் தெரியாதவர்.

"இல்லை. நான் சாப்பிட்டன்."

"நிக்கிறது நீங்கள் இல்லையே" என்றார் மனேஜர். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு என்னிடம் ஒரு முரல் துண்டு கேட்டார். செய்து வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. வைத்த சின்ன மரத்தட்டை இரண்டு கையாலும் பிடித்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"முதல் நீங்கள் சாப்பிடுங்கோ. பிறகு நாங்கள் சந்தோசமாச் சாப்பிடுறம்."

என் நிறத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் திருப்பிச் சொல்வது சுகம். அதைச் சொல்லாத அளவுக்கு விஷயம் தெரிந்த மனிசன்.

எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். எனக்கு எல்லாம் தெரிந்தது. அந்தத் துண்டை எடுத்து வாயில் போட்டால் பலகை எனக்கு. ஒசாக்காப் பெடியன் வர மாட்டான். மனேஜர் அடுத்த கிழமையும் வருவார், நான் நிற்பேன். ஒரு வாய். இரண்டு தரம் மென்றால் போய்விடும்.

"நான் இண்டைக்கு மீன் சாப்பிடுறதில்லை" என்றேன். "வெள்ளிக்கிழமை."

கம்பளிக்காரர் பலகையில் அடித்துச் சிரித்தார். "வெள்ளிக்கிழமை மீன்தானே சாப்பிட வேணும், மேட். எந்தச் சுவாமியாரையும் கேட்டுப் பார்." அவர் கத்தோலிக்கர். அவர்கள் வெள்ளிக்கிழமை இறைச்சியை விட்டுவிட்டு மீன் சாப்பிடுகிறவர்கள்.

"அது உங்கட வெள்ளிக்கிழமை. இது என்ர" என்றேன்.

அவர் இன்னும் சிரித்தார். மனேஜரின் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒரு துண்டுதானே" என்றார்.

"ஒரு துண்டும் இல்லை. மீனை நான் வெட்டினன். சோத்தை நான் போட்டன். கை சுத்தம். விருப்பமான ஆக்கள் சாப்பிடலாம். விருப்பமில்லாத ஆக்களுக்குக் கதவு அதில இருக்கு."

கடைக்கு வந்தவரிடம் அப்படிப் பேசக் கூடாது. யப்பான் கடையில் கூடவே கூடாது. தெரிந்துதான் சொன்னேன். இன்றைக்கு அதே இடத்தில் நிறுத்திக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். இந்த இடத்தைச் சொன்னபோது பிளாக்டவுன் தம்பி, "வாயில போட்டிட்டுப் பின்னுக்குப் போய்த் துப்பியிருக்கலாமே, அங்கிள்" என்றார். துப்பலாம். துப்புகிற வேலையை நான் கண்ணாடியில் கனநாள் துடைத்தவன்.

கத்தியைத் துடைத்து வைத்தேன். போ என்றால் போக ஆயத்தம்.

மாஸ்டர் திரையை விட்டு வந்தார். பலகையைச் சுற்றி வெளியே போனார். தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்காத ஒரு ஓரக் கதிரை உண்டு. அதை இழுத்துப் போட்டு இருந்தார். அந்தப் பக்கம் அவர் இருந்து நான் அதுவரை கண்டதில்லை. மனேஜரைப் பார்த்துத் தலையைக் குனிந்து வணங்கினார். பிறகு இடக்கையை நீட்டி அந்த முரல் துண்டை எடுத்து வாயில் வைத்தார்.

மெல்ல மென்றார். விழுங்கினார். விரல் முட்டியால் பலகையில் ஒரு தட்டு.

"சோறு இறுக்கம். திரும்ப."

உண்மைதான். கோபத்தில் என் விரல் இறுகியிருந்தது. அவருக்கு அது நாக்கில் தெரிந்தது. கையைத் தண்ணியில் நனைத்தேன். மூச்சை விட்டேன். திரும்பச் செய்தேன். சாப்பிட்டார்.

"ம்" என்றார். "கணவாய்."

கணவாய் வைத்தேன். சாப்பிட்டார்.

"சூரை."

சூரை வைத்தேன். கம்பனிக்காரர்கள் முன்னால் வெறும் தட்டு. கடைக்காரர் வந்தவர் மாதிரி இருந்து ஒவ்வொன்றாகக் கேட்டுச் சாப்பிடுகிறார். இடக்கைப் பழக்கம் இல்லாதவர், விரலில் சோறு ஒட்டியது. ஒரு பருக்கையும் விடாமல் எடுத்துத் தின்றார்.

கம்பளிக்காரருக்குப் பொறுக்கவில்லை. "கடைக்காரரே சாப்பிடுறார். நான் என்ன, பாத்துக்கொண்டு இருக்கவோ? அதில ஒண்டு எனக்கும் வை, மேட்." வைத்தேன். தடித்த விரலால் எடுத்தார். "என்ர அம்மா வெள்ளிக்கிழமை ஒரு சொசேஜையும் வீட்டுக்குள்ள விட மாட்டா" என்றார், மனேஜரைப் பார்த்து. "நாய்க்கும் மீன்தான்."

மற்றவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். கடைசியாக மனேஜர் சாப்பிட்டார். குச்சியால் எடுத்து, ஒன்றும் மிச்சம் விடாமல் சாப்பிட்டார். எழும்பும்போது மாஸ்டரை வணங்கினார். என்னைப் பார்க்கவில்லை.

அவர் திரும்பி வரவில்லை. அந்தக் கம்பனி நகரத்துக்குள் ஒரு பெரிய கடைக்கு மாறியது. அவர்களைப் பார்த்து வந்தவர்களும் குறைந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் கதிரை காலியாகக் கிடந்தது. இதை மறைத்து எழுத வேண்டியதில்லை. என் வெள்ளிக்கிழமை கடைக்கு நட்டம்தான். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. மாஸ்டரும் கேட்கச் சொல்லவில்லை. கம்பளிக்காரர் மட்டும் சிட்னிக்கு வந்தால் வருவார். கதவைத் திறக்கும்போதே, "இண்டைக்கு என்ன கிழமை, மேட்?" என்று கத்திக்கொண்டு வருவார்.

மாஸ்டரின் கை ஆறும் வரைக்கும் வெள்ளிக்கிழமைகளில் நான் நின்றேன். வேறு ஆள் இல்லை, அதனால் நின்றேன். காலையில் அவர் தன் துண்டுகளைச் சாப்பிடுவார். என்னுடையது காயும். சட்டம் சட்டமாகவே கிடந்தது. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒசாக்காவைப் பற்றியும் பேசவில்லை.

"அந்தாள் கைக்கட்டை அவிழ்க்கட்டும். அப்ப தெரியும் உன்ர கதி" என்றார் தருமு அண்ணை. "உடுப்பை மடிச்சு வை."

ஒரு வியாழக்கிழமை மாஸ்டர் கைக்கட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தார். உள்ளங்கையில் ஒரு நீட்டுத் தழும்பு. விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். மடங்கின.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. நான் போனபோது அவர் கத்தியைப் பிடித்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். முந்தின மாதிரியே வெட்டினார். பின்னுக்குப் போய்ச் சட்டைக் கையை மடித்துத் தொட்டியில் தண்ணியைத் திறந்துவிட்டேன்.

"கொருந்து-சான்."

தண்ணியை நிறுத்திவிட்டு வந்தேன். பலகையில் ஒவ்வொரு மீனுக்கும் இரண்டு துண்டு. அவர் தன்னுடையதைச் சாப்பிட்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பிறகு அவர் என்னுடைய துண்டை எடுத்தார். வாயில் வைத்தார். அதையும் அதே மாதிரி, அவசரமில்லாமல், கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு மென்றார். அடுத்த மீனிலும் அப்படியே. முதலில் அவருடையது, பிறகு என்னுடையது. எல்லாவற்றையும் முடித்துவிட்டுத் துணியில் வாயைத் துடைத்தார்.

"உன்ரதும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"ஒசாக்காப் பெடியன்?" என்று கேட்டேன்.

"பலகையில இடமில்லை" என்றார்.

கையைக் கழுவினேன். முன்னுக்குப் போய் நின்றேன்.